பேய் வீட்டை ஆராயப் போகிறீர்களா? முதலில் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

1980-களில் இங்கிலாந்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாடுவதாகப் பேச்சு இருந்தது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் எதையோ பார்த்துவிட்டதாகச் சொல்லிப் பதறி ஓடியிருந்தார். அங்கே வேலை பார்த்த விக் டாண்டி என்ற பொறியாளர் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஒருநாள் இரவு அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று குளிர் வியர்வை. யாரோ தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல ஓர் உணர்வு. இடது கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மெல்ல எழுந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்குப் போகவேண்டியிருந்தது. வாளைச் சரிசெய்வதற்காக ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவந்து, அலகை வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் மாட்டிவிட்டு எண்ணெய் எடுக்கப் போனார். திரும்பி வந்தால், யாரும் தொடாமலேயே வாளின் நுனி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பேய் என்று ஓடுவதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. டாண்டி ஓடவில்லை. வைஸை அறை முழுக்க நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். அறையின் நடுவில் ஆட்டம் அதிகம், சுவரோரம் போனால் நின்றுவிட்டது. தேடியதில், புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி காதுக்கு எட்டாத ஒரு தாழ் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நொடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வு. மனிதக் காது பொதுவாக 20-க்குக் கீழே கேட்பதில்லை. விசிறியைச் சரிசெய்ததும் அறையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. டோனி லாரன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1998-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். வெளியிட்டது 1882-இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்', அதாவது அமானுஷ்ய விஷயங்களை ஆராய்வதற்கென்றே உருவான அமைப்பு.

பாராநார்மல் இன்வெஸ்டிகேஷன் என்று நம்மூர் இளைஞர்கள் சொல்கிற அமானுஷ்ய ஆய்வு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஒருவர் ஏதோ கண்டார் அல்லது கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை உண்டாக்கியது எது? கேள்வி இவ்வளவுதான். பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். டாண்டிக்கும் விடை கிடைத்தது அவர் பயந்த இரவில் இல்லை, மறுநாள் வைஸை நகர்த்தியபோது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வெற்று அறையை அமைத்து, தாழ் ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, 79 பேரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. பலருக்கு விசித்திரமான உணர்வுகள் வந்திருந்தன. ஆனால் அந்த நேரத்தில் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. 'உள்ளே ஏதாவது வித்தியாசமாகத் தோன்றலாம்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான் வேலை செய்திருக்கும் என்பது அவர்களின் முக்கியமான ஊகம். ஆக, தாழ் ஒலிதான் பேய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. உங்கள் குழுவுக்கு இதிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. அந்த வீட்டின் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டு அழைத்துப் போகாதீர்கள். ஒருவருக்காவது கதை தெரியாமல் இருக்கட்டும். மாடிப்படியில் பெண் உருவம் என்று கேட்டுவிட்டுப் போகிறவர் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, இனி பாதுகாப்பு. பேய் அடித்துச் செத்தவர் கணக்கை எந்தப் பதிவேட்டிலும் நான் பார்த்ததில்லை. பாம்புக்கடி கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. நீங்கள் போக ஆசைப்படுகிற பாழடைந்த பங்களா பேய்க்குப் பிடித்த இடமோ இல்லையோ, பாம்புக்குப் பிடித்த இடம். அதிலும் கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். அது கடித்தால் பல நேரங்களில் வலியே இருக்காது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை அது கடித்துவிட, அவர்கள் காலையில் வயிற்றுவலி என்று எழுந்து கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கிப்போன சம்பவங்கள் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. அதனால் தரையில் படுக்காதீர்கள். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். கண் போகாத இடத்தில் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டியதுதான்.

அப்புறம் கிணறு. பழைய வீட்டின் கொல்லையில் கைப்பிடிச் சுவர் இடிந்து, மேலே கொடி படர்ந்து, பகலிலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இரவில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓரடி வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தால் கீழிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. மச்சில் நாலு பேர் ஏறியதும் தெரிந்துவிடும். வௌவால் எச்சம் குவிந்த அறையில் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து, என்95 முகக்கவசம் போடுங்கள். இதற்கெல்லாம்தான் முதல் பயணம் பகலில் இருக்கவேண்டும் என்கிறேன். காகிதத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். எங்கே ஓட்டை, எங்கே கிணறு, எந்தப் பலகை ஆடுகிறது, எந்தக் கதவு காற்றில் தானாகச் சாத்துகிறது, மின்கம்பி எந்தச் சுவருக்குள் போகிறது, பக்கத்தில் ரயில் பாதையோ ஆலையோ இருக்கிறதா, எல்லாம் அதில் வரட்டும். என் அனுபவத்தில் பாதிப் பேய்கள் இந்த வரைபடத்திலேயே பிடிபட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஒரு குடும்பம் 1912-இல் ஒரு பழைய வீட்டில் குடியேறியது. குழந்தைகள் வெளிறிப்போனார்கள், எல்லோருக்கும் தலைவலி, செடிகள் வாடின. மாடியில் காலடிச் சத்தம், இரவில் உருவங்கள், வேலைக்காரர்களுக்கும் அதே அனுபவம். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு நச்சு. வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-இல் ஒரு மருத்துவ இதழில் இதைப் பதிவுசெய்தார். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம்மூரில் உலை கிடையாதே என்று நினைக்கவேண்டாம். மூடிய குளியலறையில் கேஸ் கீஸர், அறைக்குள் ஓடும் ஜெனரேட்டர், ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடும் கரியடுப்பு எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வருகிறது, வெளியே போனால் சரியாகிறது என்றால், கேமராவை வைத்துவிட்டு முதலில் ஜன்னல்களைத் திறந்து ஆட்களை வெளியே அனுப்புங்கள்.

அனுமதி பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பூட்டிய வீட்டுச் சுவரேறிக் குதித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு, அத்துமீறல். பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே சுடுகாட்டிலோ இடுகாட்டிலோ வழிபாட்டிடத்திலோ அத்துமீறினால் 301-ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில் சூரியன் மறைந்தபின் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. பேய்க்குப் பயந்து அரசே வைத்த பலகை என்று ஊரெல்லாம் பரப்புகிறார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடிந்தது முதல் பொழுது சாயும் வரைதான் நேரம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சட்டத்தைவிட நான் அதிகம் பயப்படுவது அக்கம்பக்கத்துக்காரர்களின் சந்தேகத்துக்குத்தான். நடுராத்திரியில் டார்ச்சும் கருவியுமாகப் பாழடைந்த மண்டபத்தில் நிற்கிற நாலு வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் கிராமத்தில் முதலில் வருகிற நினைப்பு புதையல் எடுக்க வந்தவர்கள், இல்லையென்றால் சிலை திருட வந்தவர்கள். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் உலாவுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதனால் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை, ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை. எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பதை அங்கே வராத ஒரு நண்பருக்கும் சொல்லிவையுங்கள்.

இனி, அனுபவப்பட்டவரோடு பேசும் விதம். "அந்த வெள்ளைச் சேலை எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டால், சேலையே பார்க்காதவரும் இரண்டாவது முறை சொல்லும்போது சேலையைச் சேர்த்துவிடுவார். ஏமாற்றவேண்டும் என்று செய்வதில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. "என்ன நடந்தது, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள். அவர் முடித்தபின் நேரம், வெளிச்சம், எங்கே நின்றார், தூங்கி எழுந்த நேரமா என்பதையெல்லாம் கேளுங்கள். தூக்கம் பற்றிய கேள்வியை மட்டும் எப்போதும் விடாதீர்கள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்கியது, கத்த நினைத்தும் குரல் வரவில்லை என்று சொன்னால் அது நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்று சொன்னதேதான். கனவு காணும் கட்டத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த நேரத்தில் மனம் மட்டும் விழித்துக்கொண்டால் இப்படி நேரும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் கூடுதலாக வரும். இதை அவருக்கு மெதுவாக விளக்கினாலே பல வீடுகளில் அன்றைய ஆய்வு முடிந்துவிடும்.

இரவு அமர்வுக்கு ஒழுங்கு வகுத்தவர்களில் பழைய பெயர் ஹாரி பிரைஸ். 1937-இல் இங்கிலாந்தின் போர்லி பாதிரியார் இல்லத்தை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து 48 பார்வையாளர்களைச் சேர்த்தார். எப்படிப் பார்க்கவேண்டும், எப்படிக் குறித்துக்கொள்ளவேண்டும் என்று கையேடே அச்சிட்டுக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் இறந்தபின் மூன்று ஆய்வாளர்கள் அந்த வழக்கைக் கிளறி 1956-இல் வெளியிட்ட அறிக்கை, சில நிகழ்வுகளைப் பிரைஸே செய்திருக்கலாம் என்று குற்றம் சாட்டியது. கையேடு எழுதினவரும் பார்வையாளர் பட்டியலில்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

அந்தக் கையேட்டின் அடிப்படை இன்றைக்கும் பயன்படும். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள், எழுதி முடிக்கும்வரை பேசிக்கொள்ளாதீர்கள். ஒலிப்பதிவு ஓடும்போது யாருக்காவது வயிறு கடமுடா என்றால் அப்போதே "என் வயிறு" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மூன்று நாள் கழித்துக் கேட்கும்போது அது உறுமலாகத் தெரியும். தகரக் கூரையும் உத்தரமும் பகலில் சூடாகி, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது டொக் டொக் என்று சத்தம் எழுப்பும். பாழடைந்த கட்டடத்தில் கூகை அலறினால் கேட்காதவர்கள் பாக்கியசாலிகள். வெள்ளை முகம், சத்தமில்லாத பறத்தல், தொண்டை கிழிகிற அலறல், ஒரு பேய்க்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மச்சில் காலடிச் சத்தம் என்றால் முதல் சந்தேகம் மரநாய் மேல். எங்கள் அத்தை வீட்டில் அதுதான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

கருவிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இஎம்எஃப் மீட்டர், அதாவது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி, உண்மையில் மின்கம்பி, மின்சாதனங்களைச் சுற்றியுள்ள புலத்தை அளப்பதற்கானது. உங்கள் பையில் இருக்கும் செல்போனைக் கண்டாலே பல மலிவு மீட்டர்கள் விளக்கெரியும். துப்பாக்கி போல நீட்டுகிற வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரே இருக்கும் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். அதைக் காற்றில் வீசி "இங்கே குளிர்" என்பதில் அர்த்தமில்லை. படத்தில் விழும் ஒளி உருண்டைகள் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தூசி, ஃபிளாஷ் பட்டுத் திரும்புகிறது. வீட்டில் ஒரு பழைய தலையணையைத் தட்டிவிட்டுப் படம் எடுங்கள், ஆவிக் கூட்டமே கிடைக்கும். ஆவிப் பெட்டி என்று விற்கிறார்களே, அது ரேடியோ நிலையங்களை வேகமாக மாற்றிக்கொண்டே போகும் கருவி. திருச்சியில் வைத்தால் ஆவி தமிழ் பேசும், நாக்பூரில் வைத்தால் இந்தி பேசும்.

தேவையானது ஒரு நல்ல டார்ச், உபரி பேட்டரி, குறிப்பேடு, கடிகாரம், ஒரு சாதாரண ஒலிப்பதிவுக் கருவி. முதல் ஆய்வை உங்கள் சொந்த வீட்டிலேயே செய்யுங்கள். எந்தக் கதையும் இல்லாத உங்கள் ஹாலில் ராத்திரி முழுக்க ஒலிப்பதிவை ஓடவிட்டு, மறுநாள் ஹெட்ஃபோனில் கேளுங்கள். எத்தனை முனகல், எத்தனை தட்டல், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல எத்தனை இடம் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். பேய் வீட்டின் எண்ணிக்கையை அதோடு ஒப்பிடாமல் பேசுவதில் பயன் இல்லை.

மரியாதை என்பது எங்கே வருகிறது? ஆபிரகாம் கோவூரைச் சொல்லவேண்டும். கேரளத்தில் பிறந்து, 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, இலங்கையிலேயே தங்கி, 1978-இல் இறக்கும்வரை பேய் வழக்குகளை ஆராய்ந்தவர். அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் சவால் விட்டார். யாரும் வெல்லவில்லை. வீட்டில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது என்று வரும் வழக்குகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர்தான் அதைச் செய்கிறார் என்பது அவர் கண்டது. அந்த ஒருவர் பல நேரம் மனம் நொந்துபோயிருப்பவர். சொல்ல வழியில்லாத ஒன்றைக் கல்லால் சொல்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். அவரைக் கேமரா முன் 'பிடித்துக்' காட்டுவது வெற்றி ஆகாது. தனியே, நம்பகமான பெரியவர் ஒருவர் வழியாக, அவருக்கு உதவி போய்ச்சேரும்படி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவேண்டும்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அங்கே உங்கள் கருவிக்கு வேலை இல்லை. டெலி மானஸ் எண் 14416, அரசின் இலவச மனநல உதவி. 'பேய் பிடித்திருக்கிறது' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அங்கே நிறையப் பேர்.

இறந்தவர்களுக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோனது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தப் பக்கத்தில் மீன்பிடிக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் நின்று "யாராவது இருந்தா தட்டிக் காட்டுங்க" என்று வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆவியைத் திட்டி, சவால்விட்டு வரவழைக்கும் பழக்கம் வெளிநாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது, அதை விட்டுவிடலாம். தென்மாவட்டங்களில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவன்று நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது ஊராரே வழியில் நிற்கமாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் கேமராவோடு போவது ஆய்வு ஆகாது.

கடைசியாக அறிக்கை. 'விளக்கம் கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்ற இரண்டு சொல் போதும். கிடைக்கவில்லை என்றால் பேய் என்று பொருள் இல்லை, எனக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். வீட்டின் முகவரி, தெரு, வாசல் படம் எதையும் வெளியிடாதீர்கள். பேய் வீடு என்று பெயர் வந்தால் வாடகைக்கு ஆள் வராது, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் வரன்கூடத் தட்டிப்போகும். அறிக்கையை முதலில் வீட்டுக்காரரிடம் படித்துக்காட்டுங்கள்.

அத்தை வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். இரண்டு இரவு விழித்திருந்து, மச்சில் நடப்பது மரநாய் என்று படத்தோடு காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "சரிடா, மரநாய்தான். ஆனா ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் வருது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அறிக்கையில் 'கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொடுத்தேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சாப்பிடப் போனபோதுதான் கவனித்தேன். பூஜை மாடத்துக்கு மேலே ஓட்டில் ஒரு பெரிய இடைவெளி, கீழே தட்டில் முந்தின நாள் படைத்த வாழைப்பழத்தின் தோல் மட்டும். அத்தையிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அவர் சாமி எடுத்துக்கொண்டதாக நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் ஒரு ஜீவன்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று தோலை எடுத்துக் கொல்லையில் போட்டார்.